கால் டேங்க் பெட்ரோலும் இரண்டு குளிர்காலமும்: ஒரு பழைய மோட்டார்ஹோம் பற்றிய நிகழ்வு ஆய்வு

வண்டி 1986 மாடல். செவ்ரோலே பி30 சேஸிஸ் (அடிச்சட்டம்) மேல் கட்டப்பட்ட, பஸ் மாதிரித் தட்டை முகம் கொண்ட மோட்டார்ஹோம், அதாவது உள்ளே வீட்டு வசதி கொண்ட வண்டி. 7.4 லிட்டர் வி8 எஞ்சின், அதன் மேலே பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் ரோச்செஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டர், எஞ்சினே ஓட்டும் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப். பின்பக்கம் சேஸிஸ் சட்டங்களுக்கு நடுவே 60 கேலன், அதாவது சுமார் 227 லிட்டர் பிடிக்கும் இரும்பு டேங்க். வீட்டுப் பகுதிக்குக் கரண்ட் தரும் ஜெனரேட்டரும் இதே டேங்கிலிருந்துதான் பெட்ரோல் எடுக்கும்.

கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தைச் சேர்ந்த, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு தம்பதியின் வண்டி இது. கோடையில் ஊர் சுற்றுவார்கள். அக்டோபரில் ஒரு பண்ணை வளாகத்தில் திறந்தவெளியில் நிறுத்திவிட்டு, மே மாதம் எடுப்பார்கள். ஒரு வருடம் கணவருக்கு உடம்பு சரியில்லாமல் போனதில் கோடைப் பயணம் நடக்கவில்லை. ஆக, இரண்டு குளிர்காலமும் நடுவில் ஒரு முழுக் கோடையும் வண்டி அசையவில்லை. டேங்கில் கால் பங்கு பெட்ரோல் இருந்தது, சுமார் 55 லிட்டர். எத்தனால் என்ற ஆல்கஹால் 10 சதவீதம் வரை கலந்த சாதாரண ரகம். ஒன்டாரியோவில் 2020 முதல் விற்கும் பெட்ரோலில் சராசரியாக 10 சதவீதம் புதுப்பிக்கத்தக்க எரிபொருள், நடைமுறையில் எத்தனால், இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது, 2025-இல் அது 11 ஆனது. எனவே அங்கே பெட்ரோல் பங்கில் அடிப்பது எதுவானாலும், வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, எத்தனால் கலந்தது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மே மாதம் பேட்டரி மாற்றி ஸ்டார்ட் செய்தபோது, நீண்ட நேரம் சுற்றியபின் எஞ்சின் பிடித்தது. சில நிமிடம் திக்கித் திணறி ஓடி அணைந்தது. மறுபடி பிடித்தது, மறுபடி அணைந்தது. ஜெனரேட்டர் சுத்தமாகப் பிடிக்கவே இல்லை. உள்ளூர் பட்டறை ஒன்றில் பெட்ரோல் பம்ப் போயிருக்கும் என்று மாற்றினார்கள். புதுப் பம்போடும் அதே கதைதான். இந்தக் கட்டத்தில்தான் வண்டியை நான் பார்க்கப் போனேன். பழைய வண்டிகளின் கார்புரேட்டர் வேலையை நண்பர்களுக்கு ஓய்வு நேரத்தில் செய்து கொடுப்பது என் வழக்கம்.

ஜாடியில் தெரிந்தது

எஞ்சின் பக்கம் கை வைப்பதற்கு முன் பம்புக்குப் போகும் குழாயைக் கழற்றி, டேங்கின் அடியிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியில் பெட்ரோல் எடுத்தோம். பத்து நிமிடம் அசைக்காமல் வைத்ததும் இரண்டு அடுக்குகள் தெரிந்தன. மேலே வெளிர் மஞ்சளாக ஓரளவு தெளிந்த பெட்ரோல். கீழே கலங்கலான பழுப்புத் திரவம், அதற்கும் அடியில் துருப் பொடி. பம்புக்கு இவ்வளவு நாளும் போய்க்கொண்டிருந்தது அந்தக் கீழ் அடுக்குதான். அது எரியாது என்றில்லை, ஆனால் எஞ்சின் ஓடும் அளவுக்கு எரியாது.

கீழ் அடுக்கு வெறும் தண்ணீரா, தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்ததா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. அளவுக்கோடு போட்ட குழாயில் 100 மில்லி பெட்ரோலும் 10 மில்லி தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி வைக்க வேண்டும். எத்தனால் இல்லாத பெட்ரோல் என்றால் கீழே அதே 10 மில்லி நிற்கும். எத்தனால் இருந்தால் அது தண்ணீரோடு இறங்கி, கீழ் அடுக்கு பருத்துவிடும். பெட்ரோல் பங்கில் புதிதாக வாங்கிய பெட்ரோலில் அது ஏறக்குறைய இரட்டிப்பானது. வண்டி டேங்கின் மேல் அடுக்குப் பெட்ரோலில் கொஞ்சம்தான் கூடியது. அதாவது, மேலே இருந்த பெட்ரோல் தன் எத்தனாலில் பெரும்பகுதியை ஏற்கெனவே கீழே இழந்துவிட்டது.

இதில் இரட்டை நஷ்டம். எத்தனால்தான் இந்தப் பெட்ரோலின் ஆக்டேன் எண்ணை (எஞ்சினில் தட்டாமல் எரியும் திறனின் அளவு) தூக்கிப் பிடித்திருந்தது. அது போனதும் மிச்சப் பெட்ரோலின் ஆக்டேன் இரண்டு மூன்று புள்ளி இறங்கிவிடும். கீழே சேர்ந்ததோ உள்ளே வந்த தண்ணீரின் அளவைவிடப் பல மடங்கு. அரை லிட்டர் தண்ணீர் வந்தால் சில லிட்டர் கெட்ட திரவம் டேங்கின் அடியில் தேங்கும். குழாயின் வாயும் அங்கேதான் இருக்கிறது.

ஜெனரேட்டரின் கதை வேறு. அதன் குழாய் டேங்கின் அடி வரை போவதில்லை. கரண்ட் ஓட்டியே டேங்க் முழுக்கக் காலியாகி, நடுக்காட்டில் வண்டி நின்றுவிடக் கூடாது என்பதற்காகப் பெரும்பாலான மோட்டார்ஹோம்களில் ஜெனரேட்டர் குழாயைக் கால் டேங்க் மட்டத்திலேயே வெட்டி வைப்பார்கள். இங்கே பெட்ரோல் மட்டமே கால் டேங்க்தான். ஜெனரேட்டர் காற்றைத்தான் உறிஞ்சியது. ஒரே கெட்ட பெட்ரோல் இரண்டையும் நிறுத்தியது என்று எல்லோரும் நினைத்ததற்கு இதுதான் காரணம். சோதனைக்காக வெளியே ஒரு கேனில் நல்ல பெட்ரோல் வைத்துக் கொடுத்தும் ஜெனரேட்டர் பிடிக்கவில்லை. அதன் சின்ன கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் நுண்துளையான ஜெட் முழுவதும் பிசின் அடைத்திருந்தது.

தண்ணீர் எங்கிருந்து வந்தது

இந்த ஆய்வில் நான் அதிக நேரம் செலவழித்தது இந்தக் கேள்வியில்தான். மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்கள் யாரைக் கேட்டாலும் ஒரே பதில் வரும்: டேங்க் காலியாக இருந்தது, பகலில் சூடு இரவில் குளிர், உள்ளே காற்று வியர்த்துத் தண்ணீர் சேர்ந்துவிட்டது. தவறான பேச்சு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

டேங்கில் காலி இடம் சுமார் 170 லிட்டர். பகலுக்கும் இரவுக்கும் 15 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால் உள்ளே உள்ள காற்று ஏறத்தாழ 5 சதவீதம் விரிந்து சுருங்கும். அதாவது, ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது லிட்டர் வெளிக்காற்று உள்ளே வரும். 25 டிகிரியில் ஈரம் முழுதாக நிறைந்த காற்றிலும் ஒரு கன மீட்டருக்கு 23 கிராம் தண்ணீர்தான் இருக்கும். எட்டு ஒன்பது லிட்டருக்கு எவ்வளவு? 0.2 கிராம். அது மொத்தமும் டேங்கிலேயே தங்கிவிட்டது என்று வைத்தாலும் நூறு கோடை நாளுக்கு 20 கிராம். குளிர்காலத்தில் இன்னும் சொற்பம், மைனஸ் 10 டிகிரிக் காற்றில் கன மீட்டருக்கு இரண்டு கிராம் சொச்சம்தான் நிற்கும். பெட்ரோல் ஆவியால் டேங்கின் மூச்சு இரண்டு மூன்று மடங்கு பெரிதாகிறது என்று சேர்த்துக்கொண்டாலும், இந்த வண்டி நின்ற மொத்தக் காலத்துக்கும் ஒரு டம்ளர் தண்ணீரைத் தாண்டாது.

எத்தனால் 10 சதவீதம் உள்ள பெட்ரோல் 15 டிகிரி வாக்கில் தன் அளவில் சுமார் 0.5 சதவீதம் தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 55 லிட்டருக்கு அது கால் லிட்டருக்குச் சற்று மேல். அந்த எல்லை தாண்டும்வரை தண்ணீர் பெட்ரோலில் கரைந்தே இருக்கும், எஞ்சினில் எரிந்து போய்விடும். குளிர் கூடினால் எல்லை கீழே இறங்கும். அக்டோபரில் எல்லைக்குள் இருந்த தண்ணீர் ஜனவரியில் எல்லை மீறிப் பிரிந்துவிடும். மே மாத வெயிலில் அது தானாகத் திரும்பக் கலக்காது, குலுக்க ஆளில்லாமல் அடியிலேயே கிடக்கும். ஆகவே காற்று வியர்த்த தண்ணீர் கடைசி ஒரு துளியாக வேண்டுமானால் இருந்திருக்கலாம். மொத்தப் பழியையும் அதன் மேல் போட முடியாது.

டேங்கை இறக்கியதும் பதில் கிடைத்தது. வண்டியின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு, அதற்குள் பெட்ரோல் ஊற்றும் வாய். வாயிலிருந்து டேங்குக்குப் போவது தடித்த ரப்பர் ஹோஸ், அதை ஒட்டியே காற்று வெளியேற ஒரு மெல்லிய ஹோஸ். இரண்டும் வண்டி பிறந்தபோது போட்டவை என்பது என் கணிப்பு. தடித்த ஹோஸின் கீழ்ப்பக்கம் நன்றாகவே இருந்தது. மேல்பக்கத்தை விரலால் வளைத்தபோது நீளவாக்கில் வாய் பிளந்தது. சின்னக் கதவின் மேல் விளிம்பில் இருந்த சீலன்ட் காய்ந்து உதிர்ந்திருந்தது. கூரையிலிருந்து சுவரில் வழியும் மழைநீர் அந்தக் கதவுக்குள் புகுந்து, ஹோஸ் மேலேயே சொட்டி, விரிசல் வழியாக நேரே டேங்குக்குப் போயிருக்கிறது. ஊற்றும் வாயின் உட்பக்கத்தில் துரு கோடு போட்டிருந்தது. மூடியின் வாஷரும் பிளாஸ்டிக் மாதிரி இறுகிப் போயிருந்தது. ஒரு கோடை, இரண்டு இலையுதிர்காலம், கூரையில் உருகும் பனி. டம்ளர் கணக்கில் தண்ணீர் சேர இதற்கு மேல் என்ன வேண்டும்?

1980-களின் ரப்பரை இன்றைய பெட்ரோலுக்காக யாரும் செய்யவில்லை. எத்தனால் பழைய நைட்ரைல் ரப்பரை முதலில் ஊற வைக்கும். அப்புறம் பெட்ரோல் படாமல் காய்ந்து நிற்கும் பகுதி சுருங்கி வெடிக்கும். ஓடிக்கொண்டே இருக்கும் வண்டியில் இது மெதுவாக நடக்கும். ஊறுவதும் காய்வதுமாக வருடக்கணக்கில் நிற்கும் வண்டியில் வேகமாக நடக்கும். மோட்டார்ஹோமில் இன்னொரு தொல்லை, இந்த ஹோஸ்கள் எல்லாம் டேங்கின் தலைக்கு மேல், வீட்டின் தரைக்குக் கீழ் ஒளிந்திருப்பது. காரில் குனிந்து பார்த்தால் தெரிகிற சங்கதி இங்கே டேங்கை இறக்கினால்தான் கண்ணில் படும். அதனால் யாரும் இறக்குவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதல் அக்டோபரில் உரிமையாளர் டேங்கில் ஸ்டெபிலைசர் ஊற்றியிருந்தார். வண்டியை நிறுத்தியபிறகு, எஞ்சினை ஓட்டாமல் ஊற்றியிருக்கிறார். அதனால் கார்புரேட்டரில் நின்ற பெட்ரோலுக்கு அது போய்ச் சேரவே இல்லை. சேர்ந்திருந்தாலும் தண்ணீரை அது தடுத்திருக்காது. ஸ்டெபிலைசரின் வேலை பெட்ரோல் ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாக மாறுவதைத் தள்ளிப்போடுவது. தண்ணீர் புகுவதற்கும் அடுக்காகப் பிரிவதற்கும் அதனிடம் மருந்து கிடையாது, கெட்ட பெட்ரோலை அது திரும்ப நல்லதாக்கவும் செய்யாது. மே மாதம் ஊற்றிய ‘தண்ணீர் நீக்கி’ பாட்டிலும் வீண்தான். அது பெரும்பாலும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால். சில ஸ்பூன் தண்ணீரைக் கரைக்கும், அடியில் தேங்கிய லிட்டர் கணக்குத் திரவத்தை ஒன்றும் செய்யாது.

செய்த வேலை

முதலில் பாதுகாப்பு, ஏனென்றால் மோட்டார்ஹோம் என்பது உள்ளே நெருப்பு இருக்கிற வீடு. நம் ஊர் ஷூட்டிங் கேரவன்களில் வேலை செய்பவர்களுக்கும் இது பொருந்தும். பழைய வண்டிகளில் ஃபிரிட்ஜ், வாட்டர் ஹீட்டர், அடுப்பு மூன்றிலும் புரோப்பேன் பைலட் சுடர் எரிந்துகொண்டே இருக்கும். டேங்கைத் தொடும் முன் சிலிண்டரின் வால்வை மூடி, இரண்டு பேட்டரிகளையும் கழற்றி, வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தினோம். இரண்டு பேட்டரி என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: எஞ்சின் பேட்டரியைக் கழற்றிவிட்டு வீட்டுப் பேட்டரியை மறப்பவர்கள் அதிகம். ஹீட்டரின் மின்பொறியைக் கிளப்ப அது ஒன்றே போதும்.

வடித்த பெட்ரோலை அதற்கென்றே உள்ள கேன்களில் அடைத்து, நகராட்சியின் அபாயக் கழிவு மையத்தில் கொடுத்தோம். புதுப் பெட்ரோலில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டித் தீர்த்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. வெறுமனே பழசான பெட்ரோலுக்கு அது சரி. அடுக்காகப் பிரிந்ததற்குச் சரிப்படாது, புதுப் பெட்ரோலின் எத்தனாலையும் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விடும்.

டேங்கின் உட்புறம் அடிப்பகுதியில் மட்டும் துரு. ஓட்டை இல்லை. ரேடியேட்டர் பட்டறையில் கொடுத்துக் கழுவி எடுத்தோம். உள்ளே பூச்சு பூசலாமா என்ற பேச்சு வந்தபோது வேண்டாம் என்றேன். எத்தனால் பட்டுப் பழைய பூச்சுகள் தோல் தோலாக உரிந்து குழாயை அடைத்ததை வேறு வண்டிகளில் பார்த்திருக்கிறேன். இன்றைய பூச்சுகள் மேலானவை என்கிறார்கள், இருக்கலாம். துரு இந்த அளவில் இருக்கும்போது அந்தப் பந்தயம் தேவையில்லை.

ஊற்றும் ஹோஸ், காற்று ஹோஸ், டேங்கிலிருந்து இரும்புக் குழாய்க்கும் அங்கிருந்து பம்புக்கும் போகும் சின்ன ஹோஸ்கள், ஜெனரேட்டர் ஹோஸ் எல்லாம் புதிது. சின்ன ஹோஸ்களுக்கு எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்ற எரிபொருள் ஹோஸ் தரம் கேட்டு வாங்கினோம். அதன் உட்சுவர் ஃப்ளூரோ ரப்பர், எத்தனாலைத் தாங்கும், ஆவியையும் அதிகம் கசியவிடாது. சாதாரண ஆர்7 ஹோஸ் பாதி விலைக்குக் கிடைக்கும். டேங்கை இன்னொரு தரம் இறக்கும் கூலியோடு ஒப்பிட்டால் அந்த மிச்சம் ஒரு பொருட்டில்லை. டேங்குக்குள் இருக்கும் வலை ஃபில்டரையும் அளவு காட்டும் மிதவையையும் மாற்றினோம்.

கார்புரேட்டரின் கிண்ணத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. துத்தநாகக் கலவை உலோகத்தைத் தண்ணீரும் எத்தனாலும் அரித்ததன் தடம் அது. ஆழமான குழி இல்லாததால் கழுவி, கேஸ்கெட்டுகளையும் ஆக்சிலரேட்டர் பம்பின் ரப்பர் கிண்ணத்தையும் மாற்றி, திரும்பப் பூட்டினோம். உள்ளே இருக்கும் நுரை மிதவையை எடை போட்டுப் பார்ப்பது நல்லது, வருடங்கள் போகப் போக அது பெட்ரோலை உறிஞ்சிக் கனத்துவிடும். இதில் சரியாகவே இருந்தது. பெட்ரோல் நுழையும் நட்டுக்குள் சுண்டு விரல் அளவில் ஒரு ஃபில்டர் உண்டு, பலருக்கு அது இருப்பதே தெரியாது. அது துருவால் கெட்டியாக அடைத்திருந்தது. பழைய பெட்ரோல் பம்பைத் தனியே சோதித்ததில் அழுத்தம் சரியாகவே இருந்தது.

இனி நிறுத்தும்போது

டேங்கை நிரப்பி வைப்பதா, காலி செய்வதா என்ற விவாதம் முடிவில்லாதது. எத்தனை காலம் நிற்கப் போகிறது என்பதைப் பொறுத்துத்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். ஒரே குளிர்காலம் என்றால் நிரப்புவதே நல்லது. காலி இடம் குறையும், இரும்பு காற்றில் காயாது. அதைவிட முக்கியம், 200 லிட்டர் பெட்ரோல் தெரியாமல் புகுந்த ஒரு டம்ளர் தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும், 55 லிட்டருக்கு அந்தத் திராணி கிடையாது. வெயிலில் விரிய மேலே கொஞ்சம் இடம் விட வேண்டும். எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைக்கும் இடத்தில் கடைசி நிரப்பலுக்கு அதையே அடிக்கலாம். விலை உயர்ந்த பிரீமியம் ரகம் என்றாலே எத்தனால் இல்லாதது என்று நினைத்துக்கொள்ளக் கூடாது, பம்பின் மேல் ஒட்டியிருப்பதைப் படிக்க வேண்டும்.

ஒரு வருடத்துக்கு மேல் நிற்கும் என்று தெரிந்தாலோ, சந்தேகம் இருந்தாலோ, வடித்து ஓட்டித் தீர்த்துவிட வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு மருந்தில்லாமல் மூன்று மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். இந்தத் தம்பதிக்கு அது முன்கூட்டியே தெரியாது, உடம்பு சொல்லிக்கொண்டா கெடுகிறது? ஆனால் ஜூலை வந்து, இந்த வருடம் பயணம் இல்லை என்று ஆனபோது ஒருவரை அனுப்பி வடிக்கச் சொல்லியிருக்கலாம். அந்தச் செலவு பின்னால் ஆனதில் கால்வாசிகூட இருந்திருக்காது.

ஸ்டெபிலைசரைக் காலி டேங்கில் ஊற்றி, அதன் மேல் பெட்ரோல் அடித்தால் தானாகக் கலக்கும். பிறகு பெட்ரோல் பங்கிலிருந்து நிறுத்தும் இடம் வரை ஓட்டி வர வேண்டும், ஜெனரேட்டரையும் பதினைந்து நிமிடம் ஓட்ட வேண்டும். மாதாமாதம் வந்து ஐந்து நிமிடம் எஞ்சினை ஸ்டார்ட் செய்து அணைக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. அது எஞ்சினுக்கு நல்லதில்லை. சூடேறாத எஞ்சினில் எரிந்த பெட்ரோலின் ஈரம் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கும். ஓட்டினால் அரை மணி நேரம் சாலையில் ஓட்ட வேண்டும், இல்லையென்றால் சும்மா விட்டுவிடலாம். ஜெனரேட்டருக்கு மட்டும் விதி வேறு: மாதம் ஒரு முறை பாதி லோடில் இரண்டு மணி நேரம். போய்ப் பார்க்க முடியாத இடத்தில் நிற்கிறது என்றால், பெட்ரோல் வரும் வழியை அடைத்து, கார்புரேட்டர் வற்றி அணையும்வரை ஓட்டிவிட வேண்டும்.

காற்றுக் குழாயை டேப் ஒட்டி அடைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். வெயிலில் ஆவி வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறி, பலவீனமான ஹோஸ் எதுவோ அதன் வழியாகப் பெட்ரோலே வெளியே வரும். அடைக்க வேண்டியது மழை வரும் வழியைத்தான். கதவு விளிம்பின் சீலன்ட், மூடியின் வாஷர், மேலே காற்றுப் புகும் துணி உறை.

வசந்தத்தில் சாவியைத் திருகும் முன் ஜாடியில் ஒரு மாதிரி எடுத்துப் பார்க்கும் பழக்கத்தை உரிமையாளர் இப்போது பிடித்துக்கொண்டுவிட்டார். ஒரு கண்ணாடி ஜாடி, பத்து நிமிடம். இந்த வண்டியில் முதல் நாளே அதைச் செய்திருந்தால் கீழ் அடுக்கு கார்புரேட்டர் வரை ஏறியிருக்காது, நல்ல பம்பைக் கழற்றியிருக்கவும் வேண்டாம்.

டீசல் மோட்டார்ஹோம்களில் எத்தனால் தொல்லை இல்லை, ஆனால் தண்ணீர் தொல்லை உண்டு. டீசலும் தண்ணீரும் சந்திக்கும் கோட்டில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்ந்து, கறுப்புச் சளியாக ஃபில்டரை அடைக்கும். அங்கே செய்ய வேண்டியது, நிறுத்தும் முன்னும் எடுக்கும் முன்னும் நீர் பிரிக்கும் ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து வடிப்பது. நீண்ட நாள் நிற்கும் என்றால் டீசலுக்கான கிருமிநாசினியும் சேர்க்கலாம்.

அடுத்த குளிர்காலம் கழிந்து எடுத்த மாதிரி தெளிவாக ஒரே அடுக்காக இருந்தது. எஞ்சினும் ஜெனரேட்டரும் தகராறில்லாமல் பிடித்தன. ஜூன் மாத வெயிலில் ஒரு நீண்ட ஏற்றத்தில் மட்டும் எஞ்சின் இருமியது. அது வேறு விவகாரம். அக்டோபர் கடைசியில் நிரப்பியது குளிர்காலக் கலவை, சீக்கிரம் ஆவியாகும் வகை. சூட்டில் பம்புக்கு வரும் குழாயிலேயே ஆவியாகிவிட்டது. பாதி டேங்குக்குக் கோடைப் பெட்ரோல் அடித்துக் கலந்ததும் நின்றது. இனி கடைசி நிரப்பலைச் செப்டம்பர் தொடக்கத்திலேயே, கோடைக் கலவை பங்கில் இருக்கும்போதே முடித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.